வார்டில் பழகியவள் அரைகுறையா?

நர்சிங் பற்றி நம் ஊர்களில் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. கல்லூரியில் சேர்ந்து மூன்று வருடமோ நான்கு வருடமோ படித்துவிட்டு வந்தவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே தொழிலைப் பழகியவள் அரைகுறை. நர்ஸ் சங்கத்துக்காரர்கள் மேடையில் இதைச் சொல்கிறார்கள். டாக்டர்கள் போகிறபோக்கில் சொல்கிறார்கள். மகளை பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்க்க நிலத்தை அடகு வைத்த அப்பா எல்லாரையும்விட உறுதியாகச் சொல்கிறார். வேலையோடு சேர்ந்த பயிற்சி ஃபிட்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் சரி, நோயாளியின் உடம்பைத் தொடுகிறவர்களுக்கு அது ஆகவே ஆகாது என்பது வாதம்.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. அதன் பின்னால் இருக்கும் பயம் தவறல்ல. அந்தப் பயத்தைப் பிறகு பார்க்கிறேன்.

முதலில் திருத்தணியைப் பார்ப்போம். சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில் இங்கே நின்றுவிடும். கொஞ்சம் தள்ளினால் ஆந்திரம். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். சுற்றிலும் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று நெசவு ஊர்கள். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்து பிளஸ் டூ முடிக்கும் பெண்ணுக்கு முன்னால் இருக்கும் வழிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிற கம்பெனி பஸ். டவுனில் ஒரு ஜவுளிக்கடை. அல்லது ஒரு நர்சிங் ஹோம்.

மூன்றாவது வழியில் போகிறவள் என்ன ஆகிறாள்? இது திருத்தணிக்கு மட்டும் உரிய கதையல்ல. பத்து இருபது படுக்கை வைத்து நடக்கும் தனியார் மருத்துவமனைகள் தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா ஊரிலும் உண்டு. அவற்றில் பலவற்றில் இதுதான் நடைமுறை. முதல் வாரம் ஓ.பி. சீட்டு எழுதுவாள், டோக்கன் கூப்பிடுவாள். அடுத்து பி.பி. பார்க்கக் கற்றுக்கொள்வாள். பிறகு டிரிப்ஸ் தீர்ந்தால் பாட்டில் மாற்றுவது, யூரின் பேக்கைக் காலி செய்வது, டிரெஸ்ஸிங்குக்குத் தட்டு எடுத்து வைப்பது. சில மாதத்தில் ஊசி. வருடம் திரும்புவதற்குள் நைட் டூட்டி. எல்லாரும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவளுக்கு இரண்டு வருடம் முன்னால் வேலைக்கு வந்த இன்னொரு பெண். அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால், பதில் மற்றொரு பெண்ணிடம் போய் நிற்கும். ஊரறிந்த ரகசியம் இது. ஆய்வுக்கு வருகிற இணை இயக்குநர் (ஜே.டி.) ஆபீஸுக்கும் தெரியும், ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுகிறவருக்கும் தெரியும்.

இது வேலையோடு சேர்ந்த பயிற்சி இல்லாமல் வேறென்ன? பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது, பொறுப்பான மேற்பார்வை கிடையாது, முடிவில் கையில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. ஆனாலும் பயிற்சிதான். அப்படியானால் ‘நர்சிங்கில் பழகுநர் முறையை நுழையவிடக் கூடாது’ என்கிறவர்கள் இத்தனை காலமாக எதைத் தடுத்தார்கள்? பழகுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. பழகுகிறவளுக்குச் சேர வேண்டிய பாடத்தையும் பதிவையும் கூலியையும்தான் தடுத்திருக்கிறார்கள். அவர்கள் பயப்படுகிற அந்த அரைகுறை நர்ஸை உருவாக்கிக்கொண்டிருப்பது பழகுநர் திட்டம் அல்ல. அப்படி ஒரு திட்டம் இல்லாமை.

இந்த வெற்றிடத்தில் வியாபாரம் நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் நிலையச் சுவர்களில் ‘ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமா, வேலை உறுதி’ என்று சுவரொட்டிகள் ஒட்டியிருக்கும். பணம் கட்டிப் படித்து முடித்த பிறகுதான் தெரியும், நர்சிங் கவுன்சில் இந்தச் சான்றிதழை ஏற்காது என்று. அந்தப் பெண் கடைசியில் போய்ச் சேர்வது அதே நர்சிங் ஹோமுக்கு, படிக்காமல் நேராக வந்தவளுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்துக்கு. கல்லூரிப் படிப்பு மட்டுமே படிப்பு என்று பிடிவாதம் பிடித்தால், கல்லூரிக்குப் போக முடியாதவர்கள் கல்லூரி மாதிரி வேஷம் போட்ட கடைகளுக்குப் போவார்கள்.

டாக்டர்கள் ‘அரைகுறை’ என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. எம்.பி.பி.எஸ். முடிக்கிற ஒவ்வொருவரும் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக, உதவித்தொகை வாங்கிக்கொண்டு, வார்டு வார்டாகச் சுற்றிய பிறகுதான் முழுப் பதிவு பெறுகிறார்கள். எம்.டி., எம்.எஸ். என்றால் மூன்று வருடமும் வார்டுதான், ஆபரேஷன் தியேட்டர்தான். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் இரவு இரண்டு மணிக்கு யார் டூட்டியில் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்; பெரும்பாலும் படித்துக்கொண்டிருக்கும் பி.ஜி. டாக்டர்கள்தான். இதைவிடச் சுத்தமான பழகுநர் முறை உலகத்தில் எங்கே இருக்கிறது? ஆடிட்டர் ஆகிறவரும் ஆர்ட்டிகிள்ஷிப் முடிக்காமல் கையெழுத்துப் போட முடியாது. மேல் வீட்டுப் பிள்ளை வேலை செய்துகொண்டே கற்றால் அது அனுபவம். நெசவாளி மகள் அப்படிக் கற்றால் ஆபத்து. இந்த வித்தியாசத்தில் மருத்துவ அறிவியல் எதுவும் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது, அது என்ன என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நர்சிங் கல்வியே வார்டில் பிறந்ததுதான். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளியில் மாணவிகள் வார்டில் வேலை செய்தபடி கற்றார்கள். சென்னை பொது மருத்துவமனையில் 1871-இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குள்ளேதான். திருத்தணிக்காரர்கள் பெரிய வியாதி என்றால் கிளம்பிப் போகிற வேலூரையே பாருங்கள். ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி வந்தது 1909-இல். பட்டப்படிப்பு வந்தது 1946-இல். நடுவில் 37 வருடம். அந்த வருடங்களில் அங்கே கற்று வெளியே வந்தவர்களை அரைகுறை என்று சொல்ல இன்றைக்கு எவருக்காவது துணிச்சல் உண்டா?

இங்கே நர்ஸ் சங்கத்து நண்பர் ஒருவர் குறுக்கிடுவார் என்று தெரியும். அந்தப் பழைய முறை எவ்வளவு கொடுமையானது தெரியுமா, மாணவி என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரியைத் தயார் செய்தார்கள், வகுப்பு என்பது டூட்டி முடிந்து தூங்கி விழும் நேரத்தில்தான் என்பார். உண்மை. அதனால்தான் பிரிட்டனில் 1980-களின் கடைசியில் ‘புராஜெக்ட் 2000’ என்ற சீர்திருத்தம் வந்தது. மாணவியை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதி செய்து, படிப்பைக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால் கல்லூரிக்குப் போனதால் சுரண்டல் ஒழிந்துவிட்டதா? நம் ஊர் நர்சிங் கல்லூரி மாணவி ‘கிளினிக்கல் போஸ்டிங்’ என்று வார்டுக்குப் போகிறாள். படுக்கை விரிக்கிறாள், டெம்பரேச்சர் எடுக்கிறாள், நோயாளியைக் குளிப்பாட்டுகிறாள். இந்த வேலைக்கு அவளுக்குக் கூலி இல்லை. அவள்தான் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறாள். தன் உழைப்பைக் கொடுக்கப் பணமும் கட்டுகிற இந்த ஏற்பாட்டை நாம் உயர்கல்வி என்கிறோம். வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு கற்பதைச் சுரண்டல் என்கிறோம். மாணவிக்கென்று ஒதுக்கிய, வார்டு எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் யாரும் பறிக்க முடியாத படிப்பு நேரம் இல்லாவிட்டால் எந்த இடத்திலும் சுரண்டல்தான். அந்த நேரம் சட்டத்தில் இருந்தால் வார்டிலும் கல்வி நடக்கும்.

இதை இப்போது மறுபடி முயன்று பார்க்கிறது இங்கிலாந்து. வில்லிஸ் பிரபுவின் 2015 அறிக்கைக்குப் பிறகு, நர்ஸுக்கும் உதவியாளருக்கும் நடுவில் ‘நர்சிங் அசோசியேட்’ என்று ஒரு படி உருவானது. 2017-இல் சோதனை முறையில் பயிற்சி தொடங்கியது. 2019 ஜனவரியில் அங்குள்ள நர்சிங் கவுன்சில் இவர்களுக்குத் தனிப் பதிவேட்டைத் திறந்தது. பெரும்பாலானவர்கள் சேர்வது பழகுநர்களாக. மருத்துவமனையில் வேலை, சம்பளம், இரண்டு வருடப் படிப்பு. குறைந்தது 2,300 மணி நேரம் பயிற்சி, அதில் பாதிக்குக் குறையாமல் நேரடி நோயாளிப் பராமரிப்பில். செலவுக்குப் பெரிய நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் அரை சதவீதத்தைப் பழகுநர் வரியாகக் கட்டுகின்றன. மருத்துவமனைகளும் கட்டுகின்றன, அந்தப் பணத்தைப் பயிற்சிக்குத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. மேலே படித்து முழு நர்ஸ் ஆக வழி இருக்கிறது. தப்பு செய்தால் பதிவேட்டிலிருந்து பெயர் அடிக்கப்படும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயரை அடிக்க வேண்டும் என்றால் முதலில் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டுமே. நம் நர்சிங் ஹோம் ‘சிஸ்டர்’ ஒருத்தி தப்பான மருந்தைக் கொடுத்துவிட்டால் அவளைத் துரத்திவிடுவார்கள். அடுத்த வாரம் அவள் அடுத்த தெரு நர்சிங் ஹோமில் டூட்டி பார்ப்பாள். நோயாளிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து எது?

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் பலமான ஆயுதம் லிண்டா எய்க்கன் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளரின் வேலை. 2014-இல் ‘லான்செட்’ இதழில் அவர் குழு வெளியிட்ட ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் ஆய்வு, நர்ஸ் ஒருவர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தவருக்கு, சேர்ந்த 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாகக் காட்டியது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வு இன்னும் நேரடியானது: 25 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் உதவியாளரைப் போட்டால் மரண வாய்ப்பு 21 சதவீதம் அதிகமாக இருப்பதோடு தொடர்பு தெரிந்தது.

இந்த எண்களை நான் அப்படியே ஏற்கிறேன். இவற்றைச் சுற்றிக் கடந்துபோக நினைக்கிற எந்தப் பழகுநர் திட்டத்தையும் நம்பக் கூடாது. ஆனால் ஆய்வு கண்டது என்ன? நர்ஸை எடுத்துவிட்டு உதவியாளரைப் போடுவது ஆபத்து. சரி. பள்ளிப்பட்டுப் பக்கத்து நர்சிங் ஹோமில் எடுத்துவிட நர்ஸ் எங்கே இருந்தார்? அங்கே இரவில் இருப்பவள் ஏற்கெனவே உதவியாளர்தான், அதுவும் பயிற்சியே இல்லாதவள். அவளைப் பயிற்றுவிப்பதை எதிர்க்க எய்க்கனை மேற்கோள் காட்டுவது, அந்த ஆய்வைத் தலைகீழாகப் படிப்பதாகும். ஆய்விலிருந்து வர வேண்டிய விதி வேறு: பழகுநரையோ, பழகி முடித்து அசோசியேட் ஆனவரையோ நர்ஸ் கணக்கில் ஒருபோதும் எண்ணக் கூடாது. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அந்த ஒருவர் பதிவுபெற்ற நர்ஸாகத்தான் இருக்க வேண்டும். பழகுநர் அதற்கு மேல்.

நர்ஸ் சங்கங்கள் ஏன் நம்ப மறுக்கின்றன என்பதும் புரிகிறது. முழுப் படிப்பு படித்தவர்களையே இந்த மாநிலம் எப்படி நடத்தியது? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட வேண்டி வந்தது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றம் 2016-இல் போட்ட உத்தரவின்பேரில் அமைந்த குழு சொன்னது; அந்தத் தொகையை எத்தனை சிறு ஊர் நர்ஸ்கள் கண்ணால் பார்த்தார்கள்? இப்படிப்பட்ட ஊரில் ‘நர்ஸைவிட மலிவான ஒருத்தி’ என்ற படி ஒன்று வந்தால் முதலாளி என்ன செய்வார் என்று ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம். இதைக் காட்டி நர்ஸ் பணியிடம் ஒன்று குறைக்கப்பட்டாலும் அந்தப் போராட்டத்தில் நானும் போய் உட்காருவேன். ஆனால் சங்கத்தின் இன்றைய நிலை அந்த மலிவான ஒருத்தியை ஒழிக்கவில்லையே. அவள் பதிவேட்டில் இல்லாததால் சங்கத்தின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கணக்கில் வராத அவளைவிட, கூலியும் வேலை எல்லையும் சட்டத்தில் எழுதப்பட்ட ஒருத்தி நர்ஸின் சம்பளத்துக்குக் குறைந்த ஆபத்து.

‘இரண்டாம் படிக்கு ஏ.என்.எம். இருக்கிறதே, புதிதாக எதற்கு?’ என்று இன்னொரு கேள்வி வரும். அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1946-இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு கணக்கெடுத்தபோது இந்தியா முழுவதற்கும் இருந்த நர்ஸ்கள் ஏறக்குறைய 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். எல்லா வேலைக்கும் முழு நர்ஸ் கிடைக்க மாட்டார் என்பது அப்போதே தெரிந்திருந்தது. துணை நர்ஸாக ஏ.என்.எம். வந்தார். ஆனால் 1973-இல் கர்தார் சிங் குழு அறிக்கை வந்த பிறகு அவர் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் ஆனார். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியராக அவர் செய்தது பெரிய காரியம். தடுப்பூசி, பிரசவம், குடும்ப நலம் எல்லாம் அவர் தோளில்தான் நின்றன. ஆஸ்பத்திரி வார்டில் அவர் விட்டுப்போன இடம் மட்டும் காலியாகவே இருந்தது. அந்தக் காலி இடத்தில்தான் சான்றிதழ் இல்லாத ‘சிஸ்டர்’ வந்து நின்றாள். சில மாதப் பயிற்சியில் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்’ சான்றிதழ் கொடுக்கும் திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் அவளுக்குக் கொஞ்சம் உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழிலிருந்து நர்ஸ் ஆகப் படி எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டிலேயே இது நன்றாக நடந்த இடம் ஒன்று உண்டு. அதைப் பார்க்க இங்கிலாந்து போக வேண்டாம், மதுரைக்குப் போனால் போதும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் தன் வளாகத்திலேயே பயிற்றுவித்து, பிறகு வேலையும் கொடுக்கிறது. பார்வைப் பரிசோதனை, கண்ணாடி அளவு, நோயாளிக்கு ஆலோசனை, தியேட்டரில் டாக்டருக்கு உதவி எல்லாம் அவர்கள் கையில். ஒரு கண்ணை முடித்துவிட்டு டாக்டர் திரும்பினால் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்து வைத்திருப்பவர்கள் இந்தப் பெண்கள்தான். உலகம் முழுவதிலிருந்தும் மேலாண்மைப் பேராசிரியர்கள் வந்து வியந்து எழுதிவிட்டுப் போகும் அரவிந்தின் வேகம், பாதிக்கு மேல் வார்டில் பழகிய பெண்களின் வேகம். அரைகுறைகளை வைத்துக்கொண்டு அத்தனை லட்சம் கண்களைத் திறக்க முடியுமா?

அரவிந்த் முறையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அங்கே பழகிய பெண்ணுக்கு நர்சிங் கவுன்சில் பதிவேட்டில் இடம் இல்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் அவள் கற்றது அவளோடு ஒரு தகுதியாகப் போவதில்லை. கண் பிரிவு என்பதால் எல்லை தெளிவாக இருந்தது, நிறுவனம் நல்ல நிறுவனமாக இருந்தது. எல்லா ஊரிலும் ஒரு வெங்கடசாமி கிடைப்பாரா? நல்லவர்களை நம்பி நடத்துகிற ஏற்பாடு நல்லவர் போனதும் போய்விடும்; அதனால்தான் திரும்பத் திரும்பப் பதிவேடு, சட்டம் என்கிறேன்.

படி மேலே போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பிரிட்டனிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1943 சட்டத்தால் அங்கே இரண்டாம் நிலை நர்ஸுக்குப் பட்டியல் வந்தது. இரண்டு வருடப் பயிற்சி. கரீபியன் தீவுகளிலிருந்தும் பிற காலனிகளிலிருந்தும் வந்த பெண்களை இந்த வரிசையில் தள்ளிவிட்டார்கள். முதல் நிலைக்குத் தகுதி இருந்தும் பலர் வாழ்நாள் முழுக்கக் கீழேயே இருந்தார்கள், சிலருக்குத் தாங்கள் சேர்ந்தது எந்தப் பயிற்சி என்பதே பிறகுதான் தெரிந்தது. இங்கே அப்படி ஒன்று நடந்தால் நெசவாளி மகளும் ஊருக்கு ஒதுக்குப்புறக் குடியிருப்பிலிருந்து வருகிறவளும் அசோசியேட், டவுன் மகள் நர்ஸ் என்று சாதி வரிசையாகவே அது உறைந்துபோகும். எனவே இரண்டு வருடம் முடித்தவள் ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்று விதியிலேயே இருக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர்கிறாரே, அதேபோல.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இலிருந்து இருக்கிறது. 2019 விதித் திருத்தத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். 30-க்குக் கீழே என்றால் விருப்பம். நம் பேச்சுக்குரிய நர்சிங் ஹோம்கள் பெரும்பாலும் அந்த விருப்பப் பகுதியில் விழுகின்றன, ஆக அவற்றுக்குக் கட்டாயம் இல்லை. சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு: பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுகிறவர் மட்டுமே. கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களிடம் கேளுங்கள், ‘டிரெய்னி’ என்று எடுத்து, காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு, அடுத்த டிரெய்னியை எடுக்கும் வித்தையை அவர்கள் விளக்குவார்கள். அந்த வித்தை வார்டுக்குள் வரக் கூடாது என்றால் நர்சிங் பழகுநருக்குத் தனி விதி வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் கொடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் 2018 விதிகளும் இருக்கின்றன. உரிமம் புதுப்பிக்கும்போது ‘இங்கே நோயாளியைத் தொடுகிற ஒவ்வொருவரின் பதிவு எண் என்ன?’ என்று ஒரே ஒரு பத்தி சேர்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது. 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு வர 2023-இல் நாடாளுமன்றம் நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. புது வீட்டுக்கு அறை பிரிக்கும்போதே இந்தப் பெண்ணுக்கும் ஒரு அறை கேட்க வேண்டும்.

அவளுடைய வேலையின் எல்லையைக் கறாராக எழுத வேண்டும். காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட், பி.பி., சர்க்கரை அளவு, சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப் புண் வராமல் காப்பது, எளிய டிரெஸ்ஸிங், மூச்சு மாறினால் உடனே நர்ஸைக் கூப்பிடுவது. நரம்பு வழி மருந்து கூடாது. ரத்தம் ஏற்றுவது கூடாது. பதிவுபெற்ற நர்ஸ் இல்லாத இரவு டூட்டி கூடவே கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழுக்க வகுப்பு, அந்த நாளுக்கும் கூலி. சின்னக் காரியங்கள் என்று இவற்றை நினைப்பவர்கள் பக்கவாதம் வந்த அம்மாவை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இது திருத்தணி போன்ற ஊரில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. திருவள்ளூரில் 2022-இல் மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு, திருத்தணி அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்ந்தது. அதற்கு வருகிறவர்களில் எல்லைக்கு அந்தப் பக்கத்து நகரி, புத்தூர்க்காரர்களும் உண்டு. இந்தப் பக்கத்திலேயே வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்களும் ஏராளம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடியோடு மயங்கி விழுகிறவர் எந்த மாநிலத்துக்காரர் என்று யார் கண்டது? தென்மாவட்டத்திலிருந்து கவுன்சிலிங்கில் இடம் கிடைத்து வருகிற நர்ஸுக்குப் பாட்டி தெலுங்கில் சொல்லும் வலி பிடிபட நாளாகும். அதற்குள் அவர் மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிவிடுவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பொதட்டூர்பேட்டைப் பெண்ணுக்கு இரண்டு மொழியும் தறிமேட்டிலேயே வந்துவிடுகிறது. எந்த நர்சிங் கல்லூரியும் நான்கு வருடத்தில் கற்றுக்கொடுக்காத தகுதி அது. அவள் மாற்றல் கேட்க மாட்டாள், ஏனென்றால் அவள் வீடு இங்கேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வியை எல்லாரும் வைத்திருப்பார்கள்: யார் கற்றுக்கொடுப்பது? வார்டு சிஸ்டருக்கே மூச்சுவிட நேரமில்லை. நியாயமான கேள்வி, பழகுநர் திட்டங்கள் உலகம் முழுக்கத் தோற்பது இந்த இடத்தில்தான். வேலை பார்க்கிற நர்ஸின் தலையில் கூடுதல் சுமையாக மாணவியை ஏற்றினால் இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள். ஆனால் திருத்தணி, அரக்கோணம், சோளிங்கர் பக்கமெல்லாம் முப்பது வருடம் அரசுப் பணியில் இருந்துவிட்டு 60 வயதில் வீட்டுக்கு வந்த ஸ்டாஃப் நர்ஸ்கள் இருக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடியைப் பிடித்ததுமே முகம் மாறுகிறவர்கள். அவர்களில் நான்கு பேரை, வார்டு டூட்டி எதுவும் கொடுக்காமல், கற்றுக்கொடுக்க மட்டும் கௌரவமான சம்பளத்தில் தலைமை மருத்துவமனையில் உட்கார வையுங்கள். சுற்றுவட்டாரத்து நர்சிங் ஹோம்கள் தங்கள் பெண்களை வாரம் ஒரு நாள் அங்கே அனுப்பட்டும். அனுப்பாதவர்களுக்கு உரிமம் புதுப்பிக்க வேண்டாம். நான்கு பேர் சம்பளம் ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு ஆகும் என்று ஜே.டி. ஆபீஸ் கிளார்க் அரை மணி நேரத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்.